எங்கள் அடுப்படியின் பூட்டைத் திறந்துவிடுங்கள்

எங்கள் குடியிருப்பைப் பராமரிக்கும் அரசு அலுவலகத்தின் மதிப்பிற்குரிய நிர்வாகப் பொறியாளர் அவர்களுக்கு,

எங்கள் குடியிருப்பின் சமுதாயக் கூடத்துக்குப் பின்னால், நாங்கள் சேர்ந்து சமைக்கும் பொது அடுப்படியாக இருக்கும் அறை பதினாறு நாட்களாகப் பூட்டிக் கிடக்கிறது. பூட்டியது உங்கள் அலுவலகம். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். ‘அனுமதியின்றிப் பயன்படுத்தப்படும் அறை’ என்று அச்சிட்ட தாளைக் கதவில் ஒட்டினார்கள். உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ள அரைமணி நேரம் கேட்டோம். பொருட்களைப் பட்டியல் எடுத்த பிறகுதான் தர முடியும் என்றார்கள். பட்டியல் எடுக்க இன்றுவரை யாரும் வரவில்லை.

அன்று மதியம்தான் மறுநாள் குழம்புக்காக நான்கு கிலோ கொண்டைக்கடலையை அண்டாவில் ஊறப்போட்டிருந்தோம். ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தால் அந்த அண்டா தெரியும். மறுநாள் கடலை உப்பி விளிம்புவரை வந்திருந்தது. அதற்கடுத்த நாள் தண்ணீர் நுரை கட்டியது. நான்காம் நாள் நாற்றம் இரண்டாவது மாடிவரை ஏறியது. எழுபது பேர் சாப்பிட வேண்டிய கடலை. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, கை எட்டாமல் நின்றோம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை ஒரு நீளக் குச்சியை ஜன்னல் வழியாக விட்டு அண்டாவின் மூடியை இழுத்து மூடப் பார்த்தாள். குச்சி எட்டவில்லை.

இந்த மடலை எழுதுவதற்கு முன் எல்லா வாசலையும் தட்டிப் பார்த்தோம். உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு முறை வந்தோம். இரண்டு முறையும் நீங்கள் களப்பணியில் இருப்பதாகச் சொன்னார்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். ரசீது கையில் இருக்கிறது. உங்கள் உதவிப் பொறியாளர் மட்டும் ஒரு பதில் சொன்னார்: “ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பயனாளிகள் பட்டியலை ஆதார் எண்ணோடு கொடுங்கள். பிறகு யோசிக்கலாம்.” அவர் கோபமாகச் சொல்லவில்லை, வழி காட்டுவதாக நினைத்துத்தான் சொன்னார். ஆனால் அந்த வழியில் எங்களால் போக முடியாது. ஏன் முடியாது என்பதை எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியிருக்கிறது.

நான் 1988 முதல் 2016 வரை ஒரு தொடக்கப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். அரிசி மூட்டையைத் தராசில் ஏற்றுவது, இருப்புப் பதிவேடு எழுதுவது, பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து வண்டு இருக்கிறதா என்று சொல்வது, இவைதான் என் வேலை. பிள்ளை ஒன்றுக்கு 100 கிராம் அரிசி என்ற கணக்கு இன்றும் என் விரலில் இருக்கிறது. அரசின் அடுப்பை நான் மதிக்கிறேன். அதன் பக்கத்தில் 28 ஆண்டுகள் நின்றிருக்கிறேன். பதிவேடு எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாக நம்புகிறேன்.

2017-இல் சென்னையில் கூவம் ஆற்றின் கரையிலிருந்த எங்கள் தெருவைக் காலிசெய்து அப்புறப்படுத்தினார்கள். என் மகள் குடும்பத்தோடு நானும் இந்த மாற்றுக் குடியிருப்புக்கு வந்தேன். வீடுகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். அது நேர்மையான முறை, மறுக்கவில்லை. ஆனால் முப்பது ஆண்டுகள் எதிரெதிர் வாசலில் இருந்த குடும்பங்கள் வேறு வேறு பிளாக்குகளுக்குப் போய்விட்டன. கூவம் கரையில் எங்கள் வீடுகளுக்குச் சரியான கதவே கிடையாது. ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் எதிர்வீட்டுக்குத் தெரிந்துவிடும். கேட்காமலேயே ஒரு கிண்ணம் குழம்பு வந்துவிடும். அடுத்த வாரம் அந்தக் கிண்ணம் வேறு எதையாவது சுமந்துகொண்டு திரும்பிப் போகும். வெறும் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எங்களிடம் இல்லை. இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் நல்ல கதவு இருக்கிறது. கதவைச் சாத்தினால் உள்ளே அடுப்பு எரிகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

அது எங்களுக்கு 2019-இல் உறைத்தது. அந்தக் கோடையில் தண்ணீர் லாரிக்காக எல்லோரும் குடத்தோடு நின்ற நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டாவது மாடியில் தனியாக இருந்த ஒரு பெரியவரின் குடம் மூன்று நாட்களாக வரிசைக்கு வரவில்லை. ஒரு பெண் போய்க் கதவைத் தட்டினாள். அவர் பாயில் கிடந்தார். சாப்பிட்டு எத்தனை நாள் ஆகிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் ரேஷன் அரிசி இருந்தது, ஏழெட்டுக் கிலோ இருக்கும். சிலிண்டர் தீர்ந்துபோயிருந்தது. அரிசியை வைத்துக்கொண்டு பட்டினி கிடந்திருக்கிறார். வடிகட்டிய கஞ்சியை ஸ்பூனில் கொடுத்து அவரை எழுப்பி உட்காரவைக்க இரண்டு நாள் ஆயிற்று.

ஐயா, எங்கள் குடியிருப்பில் பசி இந்த வடிவத்தில்தான் இருக்கிறது. அரிசி இருக்கிறது, சோறு இல்லை. தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். ஒற்றை ஆள் கார்டுக்கு மாதம் 12 கிலோ கிடைக்கிறது. பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். முதியோர் ஓய்வூதியம் 2023 முதல் மாதம் 1,200 ரூபாய். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வயதானவர்களுக்கு ரேஷன் பொருட்கள் வீட்டுக்கே வருகின்றன. இத்தனையும் பெரிய காரியங்கள். வேறு மாநிலங்களில் இருந்து வந்து கட்டட வேலை செய்பவர்களிடம் பேசினால் இதன் அருமை தெரியும்.

ஆனால் நான்காவது மாடிக்கு ஏறிவந்த அரிசியைச் சோறாக்க எரிவாயு வேண்டும். அந்த 1,200 ரூபாயில் பெரும்பகுதியை ஒரு சிலிண்டர் தின்றுவிடும். மிச்சத்தில் மாத்திரை, மின்கட்டணம், உங்கள் பராமரிப்புக் கட்டணம். காய் வாங்க ஒன்றும் நிற்காது. பணம் இருந்தாலும், பக்கவாதம் வந்த கையால் குக்கர் மூடியைத் திருக முடியாது. கண்புரை விழுந்தவரால் கல் பொறுக்க முடியாது. மாநகராட்சி 2013-இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய் என்ற விலை எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. அங்கே நடந்து போக முடிந்தவர்களை. லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காவது மாடியிலிருந்து படி இறங்கவே முடியாதவருக்கு ஒரு ரூபாய் இட்லியும் எட்டாது.

பிள்ளைகள் விஷயத்தில் இந்த இடைவெளியை அரசு எப்போதோ கண்டுகொண்டது. 1920-இலேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்தது. காமராசர் 1956-இல் அதை மாநிலத் திட்டமாக்கினார். எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக விரித்தார். 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. அரிசியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் போதாது, சமைத்த சோற்றைத் தட்டில் வைக்க வேண்டும் என்று புரிந்தவர்கள் செய்த வேலை அது. முதியோர் ஓய்வூதியம் வாங்குபவர்களையும் 1983-இல் சத்துணவு மையத்தில் சேர்த்தார்கள். என் மையத்திலேயே ஆரம்ப ஆண்டுகளில் இரண்டு பாட்டிகள் வந்து சாப்பிட்டார்கள். பிள்ளைகளோடு வரிசையில் நிற்கக் கூச்சம், பிறகு கால்வலி. நாளாவட்டத்தில் வருவதை நிறுத்திவிட்டார்கள். நான் போய்க் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அந்தப் பெரியவர் எழுந்து உட்கார்ந்த வாரத்தில்தான் எங்கள் பிளாக்கில் பிடி அரிசி தொடங்கினோம். உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். உலை வைக்கும்போது, அரிசி களைவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவது. எங்கள் அம்மாக்கள் காலத்தில் கோயிலுக்கும் மடத்துக்கும் அப்படி எடுத்துவைத்த வீடுகள் உண்டு. நாங்கள் பக்கத்து வீட்டுக்காக எடுத்துவைத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் வாளியோடு வீடுவீடாகப் போவார்கள். நான்கு பிளாக்குகளில் 256 வீடுகள். எல்லா வீடும் போடுவதில்லை. எல்லா நாளும் போடுவதில்லை. சராசரியாக நாளொன்றுக்கு 140 பிடி என்று வையுங்கள். ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம். ஏழு கிலோ. தலைக்கு 100 கிராம் என்றால் எழுபது பேருக்கு மதியச் சோறு. அந்தப் பழைய கணக்கு இப்படி எனக்குத் திரும்பி வந்தது.

பருப்புக்கும் எண்ணெய்க்கும் விருப்பப்பட்ட வீடுகள் வாரம் பத்து ரூபாய் போடுகின்றன. ஆட்டோ ஓட்டும் ஒரு தம்பி, விடியற்காலையில் கோயம்பேட்டுக்குச் சவாரி கிடைத்தால், திரும்பும்போது அடிபட்ட தக்காளியும் முற்றிய முருங்கைக்காயும் மலிவாக வாங்கிவருவார். மீன் விற்கும் அக்கா சனிக்கிழமை மிச்சமான நெத்திலியைக் கொடுப்பார். மதியத்துக்கு மேல் துப்புரவு வேலைக்குப் போகும் நான்கு பெண்கள் காலை எட்டு முதல் பதினொன்று வரை சமைக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்குத் தூக்குச்சட்டிகள் மாடி ஏறும். படி இறங்க முடிந்தவர்கள் அறைக்கே வந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். 2019-இல் பாயிலிருந்து எழுப்பிய அந்தப் பெரியவர் தினமும் எட்டரைக்கு வந்து பூண்டு உரிக்கிறார். அவர் உரித்த பூண்டு ஒன்றுபோல் இருக்கும், ஒரு தோல் ஒட்டியிருக்காது. கண் தெரியாத ஒரு பாட்டி கீரை ஆய்வார், தொட்டுப் பார்த்தே பழுத்த இலையைத் தள்ளிவிடுவார். பூட்டு விழுந்த பிறகும் இரண்டு நாள் அந்தப் பெரியவர் எட்டரைக்கு வந்து, சாத்திய கதவின் படியில் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

இப்போது உங்கள் தாளில் இருக்கும் குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன்.

அனுமதியில்லை என்கிறீர்கள். எழுத்து அனுமதி இல்லை, உண்மைதான். அந்த அறை நாங்கள் வரும்போது உடைந்த குழாயும் பழைய ஷட்டரும் போட்டுவைத்த கிடங்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது, மின்சாரம் இல்லை. எங்களுக்கு ஒரு மேடான அடுப்படி வேண்டியிருந்தது. உங்கள் அலுவலகத்தின் அன்றைய உதவிப் பொறியாளர்தான் சாவியைக் கொடுத்தார். குப்பையை அள்ளி, தரையைக் கழுவி, அன்றிரவே உலை வைத்தோம். மூன்று நாள் அங்கே சமைத்த சாதத்தை உங்கள் ஊழியர்களும் சாப்பிட்டார்கள். பக்கத்துக் குடியிருப்புக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டும் போனார்கள். அதை நான் சொல்லிக்காட்டவில்லை. வெள்ளத்தில் யாருடைய சோறு என்று யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அந்த வாரம் அனுமதியாக இருந்த சாவி இன்று ஆக்கிரமிப்பானது எப்படி என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. சாவியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அறையை மாற்றிக்கொள்ளச் சொல்லி ஒரு கடிதம்கூட வரவில்லை. நேரே பூட்டு வந்தது.

தீ ஆபத்து என்கிறீர்கள். இதில் எங்கள் பக்கம் தவறு உண்டு. வீட்டு உபயோக சிலிண்டர்கள் இரண்டை முறைவைத்து வாங்கி அங்கே எரித்தோம். அது சட்டப்படியும் சரியில்லை, காற்றோட்டம் குறைந்த அறையில் பாதுகாப்பும் இல்லை. இதை யாராவது ஒருவர் வந்து சொல்லியிருந்தால் அன்றே நிறுத்தியிருப்போம். 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்கி, அதை வெளியே கம்பிக்கூண்டில் வைத்துக் குழாய் இழுக்க எங்களுக்குச் சம்மதம். தீயணைப்பு நிலையத்தில் கேட்டு மணல் வாளியும் அணைப்பானும் எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்துவைத்திருக்கிறோம். அதற்கான பணத்தில் பாதி சேர்ந்துவிட்டது.

சுகாதாரம் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். இலவசமாகக் கொடுக்கும் சோறும் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று தெரிந்த உடனே ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொண்டோம். அந்தச் சான்றிதழ் அறையின் உள்சுவரில் மாட்டியிருக்கிறது. ஜன்னல் வழியாக உங்கள் ஆட்களே படிக்கலாம். பாத்திரம் கழுவும் தண்ணீர் தரைத்தளத்தில் ஒரு வீட்டு வாசலில் தேங்குகிறது என்று புகார் வந்ததாகச் சொல்கிறீர்கள். அந்தப் புகார் நியாயமானது. அந்த வீட்டுக்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் சொன்னது இது: “சாக்கடைக்கு ஒரு குழாய் போடச் சொல்லித்தான் எழுதினேன். பூட்டச் சொல்லி எழுதவில்லை.”

இவை எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடலாம். தீர்க்க முடியாமல் நிற்பது உங்கள் உதவிப் பொறியாளர் கேட்ட அந்தப் பயனாளிகள் பட்டியல்.

எங்கள் அடுப்படியில் ஒரு நோட்டு உண்டு. எத்தனை பிடி அரிசி வந்தது, எவ்வளவு பணம் வந்தது, என்ன வாங்கினோம், என்ன மிச்சம், எல்லாம் அதில் நாள்வாரியாக இருக்கிறது. பதிவேடு எழுதிப் பழகிய கை, ஒரு ரூபாய் பிசகாது. யார் சாப்பிட்டார்கள் என்பதற்கு நோட்டு இல்லை. அது மறதியால் விட்டது கிடையாது. முதல் வாரத்திலேயே உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம்.

ஏன் என்று ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். ஒரு வீட்டில் கணவருக்கு வேலை போய்விட்டது. அந்தப் பெண் வாராவாரம் தவறாமல் பத்து ரூபாய் போடுபவர், பிடி அரிசியும் போடுபவர். ஒருநாள் எல்லோரும் போன பிறகு, பாத்திரம் தேய்க்கும் நேரத்தில், முந்தானைக்குள் ஒரு சிறிய டிபன் பாக்ஸோடு வந்தார். “பிள்ளை உங்கள் குழம்புதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறது அக்கா” என்றார். நான் குழம்பை ஊற்றினேன். கூடவே சோறும் வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து வாரம் அப்படி வந்தார். ஐந்து வாரமும் அவர் வீட்டு டப்பாவில் பிடி அரிசி வந்துகொண்டுதான் இருந்தது. கணவருக்கு வேலை கிடைத்த பிறகு ஒருநாள் ஒரு கிலோ துவரம்பருப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவரிடம் அன்று நான் பெயரும் ஆதார் எண்ணும் கேட்டிருந்தால் அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு திரும்பிப் போயிருப்பார். அவர் மகனின் வகுப்புத் தோழன்தான் ஞாயிற்றுக்கிழமை வாளி தூக்குபவன்.

அவரைக் கொடுத்தவர்கள் பட்டியலில் எழுதுவதா, வாங்கியவர்கள் பட்டியலில் எழுதுவதா? பூண்டு உரிக்கும் பெரியவரை எதில் எழுதுவது? பயனாளி என்ற சொல் அரசுத் திட்டத்துக்குப் பொருந்தும். அங்கே கொடுப்பது அரசு, வாங்குவது குடிமகன். என் சத்துணவு மையத்தில் வருகைப் பதிவேடு வேண்டும் என்று நானே சண்டை போட்டிருக்கிறேன். மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய அரிசிக்குக் கணக்கு வேண்டும். இங்கே எரிவது எங்கள் அரிசி. இன்று போடுகிறவர் நாளை சாப்பிடுகிறவர். வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமசாலையில் இன்றுவரை அடுப்பு அணையவில்லை. அங்கே இலை முன் உட்காருகிறவரிடம் நீ யார், உனக்கு என்ன வருமானம் என்று கேட்பதில்லை.

தொண்டு நிறுவனம் வேண்டும் என்பதையும் நாங்கள் ஏற்கவில்லை. நல்ல நிறுவனங்கள் இருக்கின்றன. 2020 ஊரடங்கில் அவர்கள் கொண்டுவந்த மளிகைப் பைகளை நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அந்த ஊரடங்கில் எங்களுக்கு மறக்க முடியாத ஒரு பாடமும் கிடைத்தது. அந்த ஏப்ரல் மாதம், கட்சிகளும் தன்னார்வலர்களும் நேரடியாக உணவு கொடுக்கக் கூடாது, அதிகாரிகள் வழியாகவே கொடுக்க வேண்டும் என்று மாநில அரசு அறிவித்தது. தொற்று பரவும் என்ற கவலை நியாயமானதுதான். பிறகு சென்னை உயர் நீதிமன்றம் சில நிபந்தனைகளோடு நேரடியாகக் கொடுக்கலாம் என்றது. இடையில் கழிந்த நாட்களில் எங்கள் பிளாக்குக்கு வெளியிலிருந்து ஒரு பொட்டலமும் வரவில்லை. அப்போது எங்களைக் காப்பாற்றியது டப்பாவில் இருந்த பிடி அரிசி. அடுத்த வீட்டுக்குப் போக யாருக்கும் வாகனமோ அனுமதிச் சீட்டோ தேவைப்படவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் சேர்ந்து மூட்டிய அடுப்புக்கு மேல் ஒரு பெயர்ப்பலகையை மாட்டி, அதைத் தூரத்தில் இருக்கும் ஓர் அலுவலகத்தோடு கட்டிவிட்டால், அந்த அலுவலகம் கையை விரிக்கும் நாளில் எங்கள் அடுப்பும் அணையும். அதை நாங்கள் விரும்பவில்லை.

பூட்டு விழுந்த பிறகு நாங்கள் சும்மா இருக்கவில்லை. நான்கு வீடுகளில் பிரித்துச் சமைக்கிறோம். எழுபது பேருக்குப் பதில் நாற்பது பேருக்குத்தான் முடிகிறது. ஒற்றை அடுப்பில் ஆகும் எரிவாயுவைப்போல் இரண்டு மடங்கு ஆகிறது. யாருக்கு இன்று இல்லை என்று தினமும் காலையில் நாங்களே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் நாங்கள் செய்யாத வேலை அது. காசநோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒரு இளைஞர், “எனக்கு வேண்டாம் அம்மா, மேல்மாடி ஆயாவுக்குக் கொடுங்கள்” என்கிறார். சரியான சாப்பாடு இல்லாவிட்டால் அந்த நோய் உடம்பை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

நாங்கள் உங்களிடம் கேட்பவை இவை.

அந்தப் பூட்டை உடனே திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் பாத்திரங்கள், இரண்டு மூட்டை அரிசி, எங்கள் கணக்கு நோட்டு ஆகியவற்றை எங்கள் முன்னிலையில் சரிபார்த்து ஒப்படைக்க வேண்டும். அரிசியில் எலி புகுந்திருந்தால் அதையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

அறையை எங்கள் நான்கு பிளாக்குகளின் குடியிருப்போர் பெயரில், பெயரளவு வாடகைக்கு, மூன்று ஆண்டுகளுக்கு எழுத்து மூலம் ஒதுக்க வேண்டும். தொண்டு நிறுவனத்தின் பெயர் கேட்கக் கூடாது. பொறுப்பாளர்களாக ஐந்து பெண்கள் கையெழுத்திடத் தயாராக இருக்கிறோம். எங்கள் ஐவரின் ஆதார் எண்களைத் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பிடுபவர்களின் பட்டியலை இப்போதும் இனி எப்போதும் கேட்பதில்லை என்று அந்த ஒதுக்கீட்டு ஆணையிலேயே எழுத வேண்டும். வரவு செலவு நோட்டை எந்த வேலை நாளிலும் உங்கள் அலுவலர் வந்து பார்க்கலாம். அடுப்பையும் தரையையும் அரிசியையும் சோதிக்கலாம். சாப்பிடுகிறவரின் முகத்தைப் படம் எடுக்க வேண்டாம்.

பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து சாக்கடைவரை இருபது அடிக் குழாய் போட்டுத் தாருங்கள். பள்ளம் தோண்டும் வேலையை நாங்கள் செய்கிறோம். வணிக சிலிண்டருக்கு உங்கள் அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். அது இல்லாமல் எங்கள் பெயரில் இணைப்பு தர மறுக்கிறார்கள். சிலிண்டர் கூண்டு எங்கே வர வேண்டும் என்று உங்கள் பொறியாளர் ஒருவர் வந்து சுவரில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டினால் போதும்.

இன்னொன்று. உங்கள் பொறுப்பில் இருக்கும் மற்றக் குடியிருப்புகளிலும் சமுதாயக் கூடங்களின் பின்னறைகள் காலியாகக் கிடக்கின்றன. அங்கிருந்து இரண்டு இடத்துப் பெண்கள் வந்து எங்கள் அடுப்படியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிடி அரிசி டப்பாவும் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் சாவி கேட்டு வரும்போது, எங்கள் அறையில் தொங்கும் பூட்டைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பாதீர்கள்.

வரும் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சாவியோடு ஒருவரை அனுப்புங்கள். முதலில் அந்த அண்டாவை வெளியே எடுத்துக் கழுவ வேண்டும். துடைப்பமும் புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு நாங்கள் வாசலில் நிற்போம். எட்டரைக்குப் பூண்டு உரிக்க ஆள் வந்துவிடும்.

இப்படிக்கு,
நான்கு பிளாக்குகளின் அடுப்படி சார்பில்,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவர்